கப்பல் மேல்தளப் பொறிகளில் மின் பிரேக்: இயங்கும் விதமும் பராமரிப்பும்

விண்ட்லாஸ் மோட்டாரின் பின்மூடியை முதன்முறையாகக் கழற்றும் இளம் மின் அதிகாரி, பெரும்பாலும் ஒரு தவறான படத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கழற்றுகிறார். காரிலும் பேருந்திலும் பிரேக் என்பது மிதித்தால் பிடிப்பது. ஆகவே மின் பிரேக் என்பது மின்சாரம் கொடுத்தால் பிடிப்பது என்று அவர் எண்ணிக்கொள்கிறார். கப்பலின் மேல்தளத்தில் நிலைமை இதற்கு நேர்மாறானது. நங்கூரத்தை இழுக்கும் விண்ட்லாஸ், கயிற்றை இழுக்கும் மூரிங் வின்ச், சரக்கைத் தூக்கும் கிரேன் ஆகிய எல்லாவற்றிலும் பிரேக்கைப் பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங். மின்சாரத்தின் வேலை அந்தப் பிடியை விடுவிப்பது மட்டுமே. மின்சாரம் வந்தால் பிரேக் திறக்கும், மின்சாரம் போனால் பிரேக் மூடும். இந்த ஒரு வரி மனத்தில் உறுதியாகப் பதிந்துவிட்டால், கீழே சொல்லப்போகும் பழுதுகளில் பெரும்பாலானவற்றை மூடியைத் திறப்பதற்கு முன்பே ஊகித்துவிடலாம்.

ஏன் இப்படி அமைத்தார்கள் என்பதற்குக் காரணம் கடலில் தெளிவாகத் தெரியும். நங்கூரத்தை மோட்டார் விசையோடு இறக்கும்போது சங்கிலியின் எடை மோட்டாரை அதன் ஒத்தியக்க வேகத்துக்கு (மின் அதிர்வெண்ணும் காந்த முனைகளின் எண்ணிக்கையும் தீர்மானிக்கும் வேகம்) மேல் இழுக்கப் பார்க்கிறது. அப்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தைக் கப்பலின் வலையமைப்புக்குத் திருப்பி அனுப்பியபடியே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அந்த நேரத்தில் கப்பலில் மின்சாரம் முழுவதும் துண்டிக்கப்பட்டால் மோட்டாரின் கட்டுப்பாடு அக்கணமே மறைந்துபோகும். ஆனால் பிரேக் காயிலுக்கு வரும் மின்சாரமும் அதே கணத்தில் போய்விடுவதால், ஸ்பிரிங் தானாகவே பாய்ந்து தண்டைப் பிடித்துக்கொள்கிறது. யாரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை.

மின் பிரேக் எதைத் தாங்கும், எதைத் தாங்காது

விண்ட்லாஸில் மூன்று தனித்தனித் தடுப்புகள் உண்டு. முதலாவது, சங்கிலியின் வளையத்தையே குறுக்கே மறித்துப் பிடிக்கும் செயின் ஸ்டாப்பர். இரண்டாவது, ஜிப்சி எனப்படும் சங்கிலிச் சக்கரத்தைச் சுற்றிப் பட்டையாக இறுகும் பேண்ட் பிரேக். மூன்றாவதுதான் மோட்டாரின் முனையில் இருக்கும் மின் பிரேக். இம்மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நினைப்பது ஆபத்தானது. கப்பல்களுக்குத் தொழில்நுட்பத் தரம் வகுத்துச் சான்றளிக்கும் வகைப்பாட்டுச் சங்கங்களின் பொது விதிப்படி, செயின் ஸ்டாப்பர் உள்ள கப்பலில் பேண்ட் பிரேக் சங்கிலியின் முறிவுச் சுமையில் 45 விழுக்காட்டைத் தாங்க வேண்டும்; ஸ்டாப்பர் இல்லாவிட்டால் 80 விழுக்காட்டைத் தாங்க வேண்டும்.

இதை எண்களில் பார்த்தால் வேறுபாடு கண்கூடாகும். 70 மி.மீ. விட்டமுள்ள மூன்றாம் தரச் சங்கிலியின் முறிவுச் சுமை சுமார் 3,690 கிலோநியூட்டன். அதில் 45 விழுக்காடு ஏறத்தாழ 1,660 கிலோநியூட்டன். இதே சங்கிலிக்கு விண்ட்லாஸ் மோட்டார் தொடர்ச்சியாக இழுக்க வேண்டிய விசை, மி.மீ. கணக்கில் விட்டத்தின் வர்க்கத்தை 47.5 ஆல் பெருக்கினால் நியூட்டனில் கிடைக்கும்: சுமார் 233 கிலோநியூட்டன். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் இதை இழுக்கச் சங்கிலியில் 35 கிலோவாட் தேவை. பல்சக்கரங்களில் இழப்பு போக, மோட்டார் 50 கிலோவாட் அளவில் இருக்கும். மின் பிரேக்கின் அளவு இந்த மோட்டாரின் முறுக்குவிசையை ஒட்டித்தான் தீர்மானிக்கப்படுகிறது, சங்கிலியின் வலிமையை ஒட்டி அல்ல. மோட்டாரைப் போல ஒன்றரை மடங்கு முறுக்குவிசை உள்ள பிரேக் என்று வைத்துக்கொண்டாலும், அது சங்கிலியில் தாங்குவது சில நூறு கிலோநியூட்டன் மட்டுமே. நங்கூரத்தில் நிற்கும் கப்பலைக் காற்றும் நீரோட்டமும் இழுக்கும்போது அந்தச் சுமை மின் பிரேக்குக்குப் போகவே கூடாது. போனால் முதலில் வழுக்குவது பிரேக், அடுத்து நொறுங்குவது கியர்.

கிளட்ச் விலக்கப்பட்டிருந்தால் மோட்டாருக்கும் ஜிப்சிக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். "மின் பிரேக் பிடித்துத்தானே இருக்கிறது" என்ற நம்பிக்கையில், கிளட்ச் விலகிய நிலையில் பேண்ட் பிரேக்கைத் தளர்த்தினால், நங்கூரம் தடையின்றிக் கீழே பாயும். மூரிங் வின்ச்சிலும் இதே கதைதான்: கட்டிய கயிற்றின் சுமையைத் தாங்க வேண்டியது டிரம்மின் பேண்ட் பிரேக். அது கயிற்றின் குறைந்தபட்ச முறிவுச் சுமையில் 60 விழுக்காட்டில் நழுவும்படி சரிசெய்யப்படுவது வழக்கம். கயிறு அறுவதற்கு முன் பிரேக் நழுவ வேண்டும் என்பதே அதன் நோக்கம். கிரேன் மட்டும் வேறு வகை. அங்கே கொக்கியில் தொங்கும் சுமைக்கும் கீழே நிற்கும் மனிதருக்கும் இடையில் இருப்பது தூக்கு மோட்டாரின் பிரேக்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் ஒவ்வோர் எச்சரிக்கையையும் கிரேனுக்கு இருமடங்காக எடுத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது

மூடியைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது வட்டமான இரும்புக் கூடு. அதன் பள்ளத்தில் காயில் பிசினுக்குள் உறையிடப்பட்டிருக்கும். அதே கூட்டின் துளைகளில் ஸ்பிரிங்குகள் செருகப்பட்டிருக்கும். கூட்டுக்கு எதிரே, வழிகாட்டும் போல்ட்டுகளின் மேல் முன்னும் பின்னும் மட்டும் நகரக்கூடிய ஆர்மேச்சர் தட்டு இருக்கிறது. அதற்கு அடுத்து, இருபுறமும் லைனிங் எனும் உராய்வுப் பொருள் ஒட்டிய உராய்வுத் தட்டு. இது மோட்டார் தண்டில் பொருத்திய பல்வரி கொண்ட ஹப்பின் மேல் அமர்ந்து, தண்டோடு சேர்ந்து சுழலும். கடைசியாக மோட்டாரின் பின்முகத் தகடு.

காயிலில் மின்சாரம் இல்லாதபோது ஸ்பிரிங்குகள் ஆர்மேச்சரைத் தள்ள, உராய்வுத் தட்டு ஆர்மேச்சருக்கும் பின்முகத்துக்கும் இடையில் நசுக்குண்டு நிற்கிறது. இதன் முறுக்குவிசையைக் கணக்கிடுவது எளிது: ஸ்பிரிங் விசை, உராய்வுக் கெழு, சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கின் பெருக்கல். 6,000 நியூட்டன் விசை, 0.35 கெழு, 0.10 மீட்டர் ஆரம், இரண்டு முகங்கள் என்றால் 420 நியூட்டன் மீட்டர். லைனிங்கில் எண்ணெய் பட்டுக் கெழு பாதியாகக் குறைந்தால் பிடிப்பும் நேராகப் பாதியாகும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும்.

காயிலில் மின்சாரம் பாயும்போது காந்த விசை ஸ்பிரிங்கை வென்று ஆர்மேச்சரைக் கூட்டின் முகத்தோடு ஒட்ட வைக்கிறது. அப்போது உராய்வுத் தட்டின் இருபுறமும் மிகச் சிறிய வெளி உண்டாகி, தட்டு கட்டற்றுச் சுழல்கிறது. பிரேக் பிடித்திருக்கும் நிலையில் ஆர்மேச்சருக்கும் காந்த முகத்துக்கும் இடையே உள்ள தூரத்தையே ஏர் கேப் என்கிறோம். பிரேக்கின் அளவைப் பொறுத்து, புதிதாகச் சரிசெய்த நிலையில் இது ஏறக்குறைய 0.3 முதல் 1 மி.மீ. வரை இருக்கும், சரியான எண் உற்பத்தியாளரின் கையேட்டிலும் பல நேரங்களில் பிரேக்கின் பெயர்த்தகட்டிலும் இருக்கும்.

என் அனுபவத்தில் மின் பிரேக்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் ஒரே எண் இந்த ஏர் கேப்தான். லைனிங் தேயத் தேய ஆர்மேச்சர் காந்தத்தை விட்டு விலகி நிற்கும்; கேப் கூடும். காந்த விசையோ கேப்பின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது. இரும்பின் செறிவை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், 0.5 மி.மீ. கேப் 1 மி.மீ. ஆகும்போது இழுக்கும் விசை நான்கில் ஒரு பங்காகிவிடும். ஒரு கட்டத்தில் காந்தத்தால் ஸ்பிரிங்கை வெல்ல முடியாது, பிரேக் திறக்காது, மோட்டாரோ பிடித்திருக்கும் பிரேக்கை எதிர்த்துச் சுழலும். லைனிங் தேய்ந்தால் பிரேக் பிடிக்காமல் போகும் என்று எதிர்பார்ப்பவருக்கு, தேய்ந்த பிரேக் திறக்காமல் போகிறது என்பது வியப்பாக இருக்கலாம். ஆனால் கப்பலில் அடிக்கடி நேர்வது இதுதான்.

நான் பணியாற்றிய ஒரு கப்பலில் நங்கூரம் எடுக்கும்போது விண்ட்லாஸ் மோட்டார் மீண்டும் மீண்டும் ஓவர்லோடில் டிரிப் ஆனது. மோட்டாரை மெக்கர் (காப்புத்தடை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தோம், காண்டாக்டர்களைப் பிரித்தோம், கேபிளைச் சோதித்தோம். மூன்று மணி நேரம் போனது. கடைசியில் மேல்தளக் குழுவின் தலைவரான போசன்தான் பின்மூடியிலிருந்து கருகிய வாடை வருவதாகச் சொன்னார். திறந்து பார்த்தால் ஏர் கேப் அனுமதித்த உயர்வரம்பைத் தாண்டியிருந்தது. மோட்டாரில் எந்தக் குறையும் இல்லை. அன்று முதல், மேல்தள மோட்டார் ஓவர்லோடில் நின்றால் நான் முதலில் எடுப்பது மெக்கர் அல்ல, இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ்.

காயிலுக்கு மின்சாரம் வரும் வழி

கப்பலின் வலையமைப்பு பெரும்பாலும் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். இன்றைய பிரேக் காயில்களோ நேர்திசை மின்சாரத்தில் இயங்குபவை. ஆகவே இடையில் ரெக்டிஃபையர் இருக்கிறது. அரை அலை ரெக்டிஃபையர் உள்ளே வரும் மின்னழுத்தத்தில் 0.45 மடங்கைத் தரும். பிரிட்ஜ் ரெக்டிஃபையர் 0.9 மடங்கைத் தரும். 440 வோல்டுக்கு இவை முறையே 198, 396 வோல்ட். பழைய கப்பல்களில் நேரடியாக மாறுதிசை மின்சாரத்தில் இயங்கும் சாலினாய்டு பிரேக்குகளும் உண்டு. அவற்றில் ஆர்மேச்சர் முழுமையாக மூடாமல் சிக்கிக்கொண்டால் காயில் மிகையான மின்னோட்டத்தை இழுத்துச் சில நிமிடங்களிலேயே எரிந்துவிடும். நேர்திசைக் காயிலில் மின்னோட்டம் கேப்பைச் சார்ந்ததல்ல. அது மின்தடையை மட்டும் சார்ந்தது. இது அதன் பெரிய நன்மை.

பல பிரேக்குகளில் இரண்டு நிலையாக மின்சாரம் கொடுக்கும் மாட்யூல் இருக்கும். திறக்கும் முதல் சில நொடிகளுக்குப் பிரிட்ஜ் வழியாக முழு 396 வோல்ட். ஆர்மேச்சர் ஒட்டியபின் பிடித்துவைக்க 198 வோல்ட் போதும். 198 வோல்டில் 150 வாட் எடுக்கும் காயிலின் மின்தடை சுமார் 261 ஓம். மாட்யூல் பழுதாகி முதல் நிலையிலேயே நின்றுவிட்டால் மின்னழுத்தம் இருமடங்கு, வெப்பம் நான்கு மடங்கு, அதாவது 600 வாட். புதிய காயில் ஒரு மாதத்தில் எரிந்துபோனால் காயிலைக் குறைசொல்வதற்கு முன் இந்த மாட்யூலைப் பார்க்க வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: பிரிட்ஜில் ஒரு டயோடு திறந்துபோனால் வெளிவரும் மின்னழுத்தம் பாதியாகும், இழுக்கும் விசை நான்கில் ஒன்றாகும், பிரேக் முனகும், திறக்காது.

காலையில் நன்றாகத் திறந்த பிரேக் அரை மணி நேர வேலைக்குப்பின் உரசத் தொடங்குவதையும் இவ்வழியில் விளக்கலாம். செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் சுமார் 0.39 விழுக்காடு கூடுகிறது. காயில் 60 பாகை சூடேறினால் மின்தடை ஏறத்தாழ 23 விழுக்காடு கூடும்; மின்னோட்டம் முன்பிருந்ததில் 81 விழுக்காடாகும்; விசை அதன் வர்க்கம் என்பதால் சுமார் 66 விழுக்காடாகிவிடும். கேப் சரியாக இருக்கும் பிரேக் இந்த இழப்பைத் தாங்கும். வரம்பை நெருங்கிய பிரேக் தாங்காது. நின்று மீண்டும் தொடங்கும்போது ஆர்மேச்சர் ஒட்ட மறுக்கும்.

மின்சாரத்தை எந்த இடத்தில் துண்டிக்கிறோம் என்பது அடுத்த கேள்வி, கிரேனுக்கு இது உயிர்க்கேள்வி. ரெக்டிஃபையருக்கு முன்னால், மாறுதிசைப் பக்கத்தில் மட்டும் துண்டித்தால், காயிலில் சேர்ந்திருக்கும் காந்த ஆற்றல் டயோடுகளின் வழியே சுற்றிச் சுற்றி மெதுவாகத்தான் அடங்கும். ஸ்பிரிங் தாமதமாகவே பாயும். நேர்திசைப் பக்கத்திலும் ஒரு காண்டாக்ட் வைத்துத் துண்டித்தால் மின்னோட்டம் உடனே அறுபட்டு, பிரேக் விரைவாகப் பிடிக்கும். அப்போது எழும் உயர் மின்னழுத்தத்தை உள்வாங்க வேரிஸ்டர் தேவை. நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் இறங்கும் கொக்கி 0.2 நொடித் தாமதத்தில், வேகம் கூடாவிட்டாலும்கூட, 10 செ.மீ. கூடுதலாக இறங்கும், சுமை இழுப்பதால் உண்மையில் அதற்கும் மேல். தூக்கு மோட்டாரில் நேர்திசைப் பக்கத் துண்டிப்பு காண்டாக்டைப் பழுது என்று சொல்லி யாரும் குறுக்கு இணைப்புப் போட்டுவிடக் கூடாது. பிரேக் இயங்கத்தான் செய்யும். ஆனால் பிடிக்க நேரம் எடுத்துக்கொள்ளும்.

ஓட்டுபவரின் கையும் பிரேக்கின் ஆயுளும்

காந்த முனைகளின் எண்ணிக்கையை மாற்றி மூன்று வேகம் தரும் மோட்டாரில், 4, 8, 16 முனைகளுக்கு 60 ஹெர்ட்ஸில் ஒத்தியக்க வேகம் நிமிடத்துக்கு முறையே 1800, 900, 450 சுழற்சி. சுழலும் நிறையின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மூன்றாம் வேகத்திலிருந்து நெம்புகோலை ஒரே இழுப்பில் சுழியத்துக்குக் கொண்டுவந்தால், பிரேக் விழுங்க வேண்டிய சுழல் ஆற்றல் முதல் வேகத்திலிருந்து நிறுத்துவதைப்போலப் பதினாறு மடங்கு. இரண்டு, ஒன்று என்று படிப்படியாக இறக்கினால் இடைப்பட்ட ஆற்றலை மோட்டாரே மின்சாரமாக்கித் திருப்பி அனுப்பிவிடும், லைனிங் தேயாது. மேல்தளக் குழுவினருக்கு இதை ஒருமுறை பொறுமையாக விளக்கிக் காட்டுவது, பல உராய்வுத் தட்டுகளை மிச்சப்படுத்தும்.

அதிர்வெண் மாற்றியால், அதாவது விஎஃப்டியால் இயங்கும் வின்ச்சுகளில் கதை வேறு. அங்கே மோட்டார் முதலில் முறுக்குவிசையை உண்டாக்கி, அது போதுமானது என்று டிரைவ் உறுதிசெய்த பின்புதான் பிரேக் திறக்கிறது. நிறுத்தும்போது வேகம் சுழியத்துக்கு வந்து, பிரேக் மூடிய பின்புதான் மோட்டார் விசையை விடுகிறது. பிரேக் இங்கே நின்ற தண்டைப் பிடித்து வைத்திருக்கும் வேலையை மட்டுமே செய்வதால் லைனிங் தேய்வது மிகக் குறைவு. தேயாததாலேயே முகங்களில் துரு படிந்து, உராய்வுத் தட்டு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. இத்தகைய அமைப்பில் பிரேக்குக்கான மின்சாரம் தனி வழியில் வர வேண்டும். டிரைவின் வெளியீட்டில் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் மாறிக்கொண்டே இருப்பதால், மோட்டார் முனையிலிருந்து ரெக்டிஃபையருக்கு இணைப்பு எடுக்கவே கூடாது.

சோதனையும் சரிசெய்தலும், படிப்படியாக

படி 1: சுமையை அகற்றுதல். பிரேக்கைத் தொடுவதற்கு முன், அது தாங்கிக்கொண்டிருக்கும் சுமை வேறொன்றின் மேல் போயிருக்க வேண்டும். விண்ட்லாஸ் என்றால் செயின் ஸ்டாப்பரைப் போட்டு, பேண்ட் பிரேக்கை இறுக்கி, கிளட்சை விலக்க வேண்டும். மூரிங் வின்ச்சில் கயிற்றில் இழுவை இருக்கும்போது இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. கிரேனில் கொக்கியை வெறுமையாக்கி, ஜிப்பை அதன் தாங்கியில் கிடத்திய பிறகே தொடங்க வேண்டும். பிரேக்கைக் கழற்றியதும் தண்டு கட்டற்றதாகிவிடும் என்பதை உடன் பணியாற்றும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

படி 2: மின்சாரத்தைத் துண்டித்தல். பணி அனுமதிச் சீட்டு பெற்று, மின்சுற்றைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரை அணைத்துப் பூட்டி, அறிவிப்பு மாட்ட வேண்டும். பிரேக்குக்கும் மோட்டாருக்குள் இருக்கும் ஹீட்டருக்கும் மின்சாரம் தனி வழியில் வரக்கூடும். மோட்டாரின் சர்க்யூட் பிரேக்கரை மட்டும் அணைத்துவிட்டுக் கைவைத்தவர்கள் ஹீட்டர் கம்பியில் அதிர்ச்சி வாங்கியிருக்கிறார்கள். விஎஃப்டி இருந்தால் அதன் கெப்பாசிட்டர்கள் வடிய உற்பத்தியாளர் சொல்லும் நேரம் காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்பதை மீட்டரால் உறுதிசெய்ய வேண்டும்.

படி 3: மூடியைத் திறந்து பார்த்தல். அவசரமின்றிச் சற்று நேரம் பார்த்தாலே பல செய்திகள் கிடைக்கும். உள்ளே நீர் தேங்கியிருந்தால் மூடியின் காஸ்கெட், கேபிள் கிளாண்ட், வடிகால் துளை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தூசியையும் நீரையும் தடுக்கும் ஐபி 56 தரத்து மூடியும்கூட, ஒரு போல்ட் இல்லாவிட்டால் அலையைத் தடுக்காது. வெளிநீர் புகாமலும் நீர் இருக்கலாம்: பகல் வெயிலில் சூடான மோட்டார் இரவில் குளிர்கையில் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் துளியாகப் படியும், ஹீட்டர் எரிந்துபோயிருந்தால் இது ஒவ்வோர் இரவும் நடக்கும். கறுப்புத் தூள் நிறைய இருந்தால் பிரேக் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. எண்ணெய் தெரிந்தால் அது தண்டின் சீல் வழியே வந்தது; சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவித் துடைத்து மீண்டும் போடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் மீண்டும் மேலே வரும்.

தூளைக் காற்றழுத்தத்தால் ஊதக் கூடாது. கப்பல்களில் புதிதாக ஆஸ்பெஸ்டாஸ் பொருத்துவது 2002 ஜூலை முதல் சில விலக்குகளுடனும், 2011 ஜனவரி முதல் முழுமையாகவும் தடைசெய்யப்பட்டது. ஆனால் அதற்கு முந்தைய கப்பல்களின் லைனிங்கில் அது இன்னும் இருக்கலாம். முகக்கவசம் அணிந்து, ஈரத் துணியாலோ தகுந்த வடிகட்டியுள்ள உறிஞ்சியாலோ எடுக்க வேண்டும்.

படி 4: ஏர் கேப்பை அளத்தல். பிரேக் பிடித்திருக்கும் நிலையில், ஆர்மேச்சருக்கும் காந்த முகத்துக்கும் இடையில் ஃபீலர் கேஜைச் செருகி, சுற்றளவில் 120 பாகை இடைவெளியில் மூன்று இடங்களில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அளப்பது அளக்காததற்குச் சமம். ஆர்மேச்சர் சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் சரியான எண்ணையும் மறுபக்கம் வரம்பு மீறிய எண்ணையும் காட்டும். இடைவெளியில் துரு அல்லது தூள் இருந்தால் கேஜ் பொய் சொல்லும், ஆகவே முதலில் சுத்தம் செய்ய வேண்டும்.

படி 5: லைனிங்கின் தடிமன். உராய்வுத் தட்டின் மொத்தத் தடிமனை வெர்னியரால் அளந்து, கையேட்டின் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட வேண்டும். அதற்குக் கீழே போயிருந்தால் கேப்பைச் சரிசெய்து ஓட்டக் கூடாது. தட்டை மாற்றியே ஆக வேண்டும். ஹப்பின் பல்வரி தேய்ந்து ஆட்டம் கொடுத்திருக்கிறதா, உராய்வுத் தட்டு அதன்மேல் கையால் தள்ளினால் எளிதாக நகர்கிறதா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும்.

படி 6: கேப்பைச் சரிசெய்தல். வழிகாட்டும் போல்ட்டைத் தளர்த்தி, அதைச் சூழ்ந்த திருகு உறையைத் திருப்பி, மீண்டும் போல்ட்டை இறுக்குவது பொதுவான முறை. மூன்றையும் சிறிது சிறிதாக, மாறி மாறித் திருப்ப வேண்டும். இறுக்கிய பின் மீண்டும் அளக்க வேண்டும், ஏனெனில் இறுக்கும்போது அளவு மாறும். கைவிடுவிப்பு நெம்புகோல் இருந்தால் அதன் நட்டுகளில் கையேடு சொல்லும் சிறு வெளி இருந்தாக வேண்டும். இதை மறந்தால் லைனிங் தேயும்போது ஸ்பிரிங்கின் விசை லைனிங்குக்குப் போகாமல் நெம்புகோலில் முட்டி நின்றுவிடும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும், பிரேக் மட்டும் பிடிக்காது. மின் பிரேக் தேய்ந்து பிடிக்காமல் போகும் அரிய வழிகளில் இது ஒன்று, மிக மோசமானதும் இதுதான்.

படி 7: காயிலும் ரெக்டிஃபையரும். காயிலை ரெக்டிஃபையரிலிருந்து பிரித்த பின்பே மெக்கர் போட வேண்டும். இல்லாவிட்டால் டயோடுகள் சேதமாகும். 500 வோல்ட் மெக்கரில் தரையோடு உள்ள காப்புத்தடை ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் காயிலை உலர்த்திப் பார்க்க வேண்டும், தேறாவிட்டால் மாற்ற வேண்டும். மின்தடையை அளக்கும்போது காயிலின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். முன்பு பார்த்த 0.39 விழுக்காட்டுக் கணக்கு இல்லாமல் இரண்டு அளவீடுகளை ஒப்பிட முடியாது. மின்தடை கணிசமாகக் குறைந்திருந்தால் சுற்றுகளுக்கிடையே குறுக்கிணைப்பு ஏற்பட்டிருக்கிறது என்று பொருள்.

படி 8: மூடுவதற்கு முன் இயக்கிப் பார்த்தல். கிளட்ச் விலகிய நிலையிலேயே மின்சாரம் கொடுத்து, பிரேக் திறக்கும்போது தெளிவான ஒற்றைத் தட்டல் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். இழுபட்ட ஓசையோ இரட்டை ஓசையோ கேட்டால் ஆர்மேச்சர் சாய்கிறது. காயிலின் முனைகளில் நேர்திசை மின்னழுத்தத்தை அளந்து, திறக்கும் கணத்திலும் அதற்குச் சில நொடிகளுக்குப் பின்னும் கணக்கிட்ட மதிப்புகள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிரேக் திறந்ததை உணர்த்தும் மைக்ரோ சுவிட்ச் இருந்தால் அது உண்மையான அசைவைத்தான் சொல்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

படி 9: சுமையோடு சோதித்தல். விண்ட்லாஸில், மாஸ்டரின் ஒப்புதலோடு, நங்கூரம் தரையைத் தொடாத ஆழத்தில், கிளட்ச் சேர்ந்த நிலையில் முதல் வேகத்தில் ஒரு ஷாக்கிள், அதாவது 27.5 மீட்டர் இறக்கி நிறுத்தி, மோட்டார் தண்டிலும் கூட்டிலும் சாக்பீஸால் ஒரே நேராகக் கோடிட்டு, சில நிமிடங்களில் கோடு விலகுகிறதா என்று பார்க்கலாம். இந்தச் சோதனை முழுவதும் பேண்ட் பிரேக்கின் கைச்சக்கரத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கிரேனில் தற்காலிகச் சோதனைகளுக்கு இடமில்லை: தகுதியுள்ளவரின் முழுமையான ஆய்வு 12 மாதத்துக்கு ஒருமுறை, சுமைச் சோதனை 5 ஆண்டுக்கு ஒருமுறை என்பது நீண்டகால நடைமுறை, 20 டன் வரை பாதுகாப்புச் சுமையுள்ள கிரேனுக்குச் சோதனைச் சுமை அதில் 125 விழுக்காடு. 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து தூக்குக் கருவிகளுக்கும் கடலடிப் பணிகளில் நங்கூரம் கையாளும் வின்ச்சுகளுக்கும் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையே நேரடியாக விதி வகுத்திருக்கிறது. பிரேக் பிரிக்கப்பட்டால் கிரேனை மீண்டும் வேலைக்கு விடுவதற்கு முன் சீஃப் ஆபீசருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

படி 10: பதிவு. "பிரேக் சோதிக்கப்பட்டது, நல்ல நிலை" என்ற வரி பின்னால் வருபவருக்கு எதையும் சொல்லாது. மூன்று இடத்து ஏர் கேப், சரிசெய்வதற்கு முன்பும் பின்பும், லைனிங் தடிமன், வெப்பநிலையோடு காயில் மின்தடை, இரு நிலைகளிலும் நேர்திசை மின்னழுத்தம், மோட்டார் ஓடிய மணி ஆகியவற்றை எண்களாக எழுத வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் 0.50 மி.மீ. இருந்த கேப் இன்று 0.70 மி.மீ., உயர்வரம்பு 1 மி.மீ. என்று ஏட்டில் இருந்தால், இதே அளவு வேலையில் இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது என்று அடுத்த அதிகாரியால் கணக்கிட முடியும். உராய்வுத் தட்டுக்கு இன்றே கோரிக்கை அனுப்பி, அது வந்துசேர்ந்த பின் அமைதியான ஒரு துறைமுகத்தில் மாற்ற முடியும்.